கோப்பி பறித்த கையில் கொழுந்து

1. நிறைந்து வந்த கூடைகள்

ஊவா மலையில், கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்ட எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலைக் கொழுந்து எடுத்த நாளில் கூடைகள் எல்லாம் விளிம்பு தட்ட நிறைந்து வந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரிய கங்காணி ராமசாமிக்கோ அதைவிடச் சந்தோஷம். அந்தத் தோட்டத்துக் கூலியாட்கள் அத்தனை பேரையும் திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிக் கூட்டி வந்தவர் அவர்தான். தன் ஆட்கள் முதல் நாளே மலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டதுபோல மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

தராசில் போட்டால் நிறை கொட்டியது. நான் கணக்கப்பிள்ளை. கோப்பிக் கணக்குத்தான் பழக்கம், தேயிலைக்கு நானும் புதிது. ராத்தல் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற அளவில்தான் எனக்கும் தேயிலை தெரியும். எனவே, "சபாஷ்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லித் தொலைத்தேன்.

பிறகு அந்தோனிமுத்து ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, இறங்கி வந்தார். அவர் டீமேக்கர். தேயிலையை வாட்டி, உருட்டி, காய வைத்து, தூளாக்குகிற வேலையை மேற்பார்ப்பவர். டிம்புள பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பழகியவரை, தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரத் துரை இதற்கென்றே வரவழைத்திருந்தார். அவர் ஒரு கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்தார், முகர்ந்தார், தலையில் கை வைத்துக்கொண்டு கொழுந்து கொட்ட விரித்திருந்த படங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்காங்கய்யா. இது தேயிலக் கொழுந்தே இல்ல. ஒரு கூடையிலகூட ஒரு கொழுந்து இல்ல!"

அவர் சொன்னது உண்மைதான். தேயிலைச் செடியின் உச்சியில் இருக்கும் இளந்துளிரையும் அதற்கடுத்த இரண்டு இலைகளையும்தான் கிள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தத் துளிரை மட்டும் பத்திரமாகச் செடியிலேயே விட்டுவிட்டு, அதற்குக் கீழே தடித்து முற்றிப்போன இலைகளாகப் பார்த்துப் பார்த்துப் பறித்துக் கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, எல்லாரும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அன்று காலைப் பெரட்டில், வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில், துரையே முன்னால் நின்று எப்படிக் கிள்ள வேண்டும் என்று ஒரு கிளையை வைத்துக் காட்டியிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் குதிரை திரும்பிய மறுகணமே கைகள் பழைய வழிக்குப் போய்விட்டன.

துரை வந்து பார்த்தார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். முகம் சிவந்து, சொற்கள் சுருங்கிப் போகும். கூடையைப் பிரம்பால் தள்ளிக் கவிழ்த்துவிட்டு, "இது என்னா? மாட்டுத் தீனி?" என்றார். பிறகு கங்காணியிடம், "அடுத்த சம்பளம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள சரி வரல்லன்னா டிம்புளவிலேருந்து தேயில ஆள் வருது. ஒன் ஆள் எல்லாத்துக்கும் துண்டு" என்றார்.

துண்டு என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டுப் போகலாம் என்கிற சீட்டு. அந்தக் காலத்தில் அது வெறும் சீட்டு அல்ல. ஊவா முழுக்கக் கோப்பிக்கு நோய் விழுந்து, இலையின் அடியில் மஞ்சள் தூள் பூத்து, மரம் மரமாகக் காய்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பசறைக் கடைத்தெருவில் மூட்டையும் பிள்ளையுமாக வேலை கேட்டு நிற்கும் குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். துண்டு வாங்கியவர்களுக்குப் போக இடமில்லை.

2. செல்லாயியின் வழக்கு

நம் கணக்கப்பிள்ளைப் பையன்கள் சிலர் இப்போதும் சொல்லக் கேட்கிறேன்: "இந்த ஆளுங்களுக்கு எத்தனை சொன்னாலும் மண்டையில ஏறாது." அப்படிச் சொல்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏறாததற்குக் காரணம் கேட்டாயா என்று கேட்பேன். கேட்டிருக்க மாட்டான்.

நான் கேட்கப் போனது நல்ல புத்தியால் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். ஆட்கள் எல்லாம் போனால் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் என்ன வேலை? என் வயிற்றையும் நினைத்துக்கொண்டுதான் செல்லாயியிடம் போனேன்.

செல்லாயி எங்கள் தோட்டத்தில் கோப்பிப் பழம் பறிப்பதில் முதல் ஆள். இரண்டு கையாலும் பறிப்பாள். சிவந்த பழம் மட்டும் பைக்குள் விழும், பச்சைக் காய் கிளையிலேயே நிற்கும். பழைய துரையே வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். புருஷன் வீரனுக்கு நெஞ்சில் சளி கட்டி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். இரண்டு சின்னப் பிள்ளைகள். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில், அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் சோறு தின்றது செல்லாயி ஒருத்தியின் கூலியால்தான். வாயும் கொஞ்சம் நீளம். அன்று கவிழ்த்துக் கொட்டியது அவளுடைய கூடையைத்தான் என்பதால், துரை அவள் முகத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டார். "மொதத் துண்டு அந்தப் பொம்பளைக்கு" என்று கங்காணியிடம் சொல்லியும் விட்டார்.

நான் லயத்துக்குப் போனபோது அவள் வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் செல்லாயி, தொரை காட்டிக் குடுத்தாரே, நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேங்க."

"பொறகு ஏன் முத்தலாப் பறிச்ச?"

கோடாலியைக் கீழே போட்டாள். "நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கப்படாது. இத்தன வருசமா கோப்பி மலையில நுனியில கை பட்டா என்ன செஞ்சீக? 'அடுத்த வருசத்துப் பழம் அந்தக் குருத்துலதான் இருக்கு, ஒடிச்சியா'ன்னு அரைப்பேர் போட்டீகளா இல்லியா?"

அரைப்பேர் என்றால் முழு நாள் வேலைக்குப் பாதி நாள் கூலி. அப்படிப் போட்டது உண்மை. கோப்பியில் இளங்கிளை ஒடிந்தால் அடுத்த பருவத்து விளைச்சல் போச்சு. அதற்காகவே ஆட்களை வைத்துக் காவல் காத்தோம்.

"இப்ப புதுத் தொரை வந்து குருத்தத்தான் கிள்ளணும்னு சொல்றாரு. அவரு இந்தச் செடிக்குப் புதுசு. கிள்ளிப்புட்டு நாளைக்குச் செடி அம்புட்டும் மொட்டையா நின்னு செத்துச்சுன்னா யாரக் கேப்பாக? தொரையவா கேப்பாக? செல்லாயிதான் கிள்ளுனா, அவளுக்குத்தான் துண்டுன்னுவாக. எங்க ஊருல வெளஞ்சதத்தான்யா அறுப்பாக. மொளைக்கிறத அறுக்குறது எந்த ஊரு வெவசாயம்?"

பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்து நின்றார்கள். எல்லார் மனதிலும் இருந்ததும் அதுதான் என்று அப்போது விளங்கியது. அவர்கள் சோம்பேறித்தனத்தால் முற்றலைப் பறிக்கவில்லை. செடியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் பறித்திருக்கிறார்கள். தோட்டத்தின் மேல் அக்கறை இருந்ததால் வந்த தப்பு அது.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. கூடை விவகாரம். கோப்பிக்கு இடுப்பில் முன்பக்கமாகப் பை கட்டுவார்கள். என்ன பறித்தோம், எவ்வளவு பறித்தோம் என்று குனிந்தால் தெரியும். தேயிலைக்குக் கூடை முதுகில், கயிறு தலையில். பறித்ததைத் தோளுக்கு மேலால் பின்னால் எறிய வேண்டும். "முதுகுக்குப் பின்னாடி என்ன விழுது, எங்க விழுதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் செல்லாயி. அன்று ஒருத்தி பின்னால் பார்த்துப் பார்த்துத் திரும்பியே சரிவில் உருண்டிருக்கிறாள். அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். உருண்டவளும் சிரித்தாள். செல்லாயி மட்டும் சிரிக்கவில்லை. நேற்று வரை முதல் ஆளாக இருந்தவள், இன்று முதல் துண்டுக்காரி. யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

3. இரண்டு பானை

திரும்பும் வழியில் ஸ்டோரில் அந்தோனிமுத்துவைப் பார்த்தேன். பழைய கோப்பி ஸ்டோரைத்தான் இடித்துக் கட்டி, மேலே இலை வாட்டத் தட்டுகள் போட்டு, கீழே நீர்ச்சக்கரத்தால் சுற்றுகிற உருட்டு மெஷின் ஒன்றை வைத்திருந்தார்கள். அவர் நம் ஆட்கள் கொண்டுவந்த இலையை எப்படியாவது உருட்டிப் பார்ப்போமே என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உருளவில்லை. சருகாக நொறுங்கியது.

"நீங்க தேத்தண்ணி குடிச்சிருக்கீங்களா கணக்கப்புள்ள?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லாரும் கோப்பி குடிக்கிற கூட்டம். உதிர்ந்த பழத்தைக் காயவைத்து, வறுத்து இடித்து, லயத்தில் எல்லாரும் குடிப்பார்கள். தேயிலை என்பது துரை பங்களாவில் பீங்கானில் குடிக்கிற ஏதோ ஒன்று. அது என்ன நிறம் என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தோனிமுத்து ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். முதல் வாய் துவர்த்தது, இரண்டாவது வாய் பிடித்துப்போனது. மூன்றாவது வாயில் எனக்கு ஒன்று தோன்றியது. கோப்பி பறித்தவனுக்குத் தான் பறிப்பது என்ன, அது கடைசியில் என்னவாகிறது என்று தெரியும். காலையில் அதைத்தானே குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான்! பழுக்காத காயைப் போட்டால் கோப்பி எப்படிக் கெடும் என்று அவனுக்கு நாக்கு சொல்லும். தேயிலை பறிக்கிறவனுக்கு அது தெரியாது. எதற்கென்றே தெரியாத ஒன்றை, இதுவரை செய்யாதே என்று அடித்துப் பழக்கிய முறையில் செய்யச் சொல்கிறோம்.

மறுநாள் துரையிடம் போய், "ஞாயித்துக்கெழம ஆளுங்கள ஸ்டோருக்குக் கூட்டிட்டு வரலாமாங்க?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஸ்டோருல என்னா வேலை?"

"தேத்தண்ணி குடிக்கத்தாங்க."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில், "வேலை நேரத்தில இல்ல. ஸ்டோருல ஒரு சாமான் தொடப்படாது. ஒன் பொறுப்பு" என்றார். போதும் என்று வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயமே திரண்டு வந்தது. ஸ்டோருக்குள் என்னதான் இருக்கிறது என்ற ஆவல் எல்லாருக்கும் இருந்திருக்கிறது. கோப்பிக் காலத்தில் எல்லாரும் உள்ளே வந்துபோன கட்டடம், தேயிலை வந்த பிறகு பூட்டுக்குள் போய்விட்டது. அந்தோனிமுத்து முற்றத்தில் அடுப்பு மூட்டி இரண்டு மண்பானையில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். ஒன்றில் பங்களாவை ஒட்டிய மலையில் அவரே கிள்ளிச் செய்த கொழுந்துத் தூள். மற்றதில் நம் ஆட்கள் பறித்த முற்றலில் தேறிய சருகு. எது எதில் என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை, கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி.

முதல் பானையிலிருந்து ஊற்றினோம். நல்ல சிவப்பு. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். "சூடா தொண்டைக்கு எதமா இருக்குடி" என்றாள் ஒருத்தி. கங்காணி ராமசாமி இரண்டாவது சிரட்டை கேட்டார். வீரனும் வந்திருந்தான். "நெஞ்சுக்கு நல்லாருக்கு" என்று மெல்லச் சொன்னான்.

அடுத்து இரண்டாவது பானை. நிறமே இல்லை. வைக்கோலை ஊறவைத்த தண்ணீர்போல வாடை. முதல் வாயிலேயே பாதிப் பேர் துப்பிவிட்டார்கள்.

"தூ! இதையா கப்பல்ல ஏத்திக் கடலு தாண்டி அனுப்புறாக?" என்றாள் செல்லாயி.

"அனுப்பல. அனுப்ப முடியாம அழுதுக்கிட்டு இருக்கேன்" என்றார் அந்தோனிமுத்து. "இது நீங்க பறிச்சது. அது உச்சிக் கொழுந்து."

பிறகு உள்ளே கூட்டிப்போய் உருட்டு மெஷினைக் காட்டினார். இளங்கொழுந்தைப் போட்டால் எப்படிச் சுருண்டு சாறு விடுகிறது, முற்றலைப் போட்டால் எப்படித் துண்டு துண்டாக முறிகிறது என்று கையில் எடுத்துக் கொடுத்தார். பெண்கள் அதைத் தொட்டு, நசுக்கி, முகர்ந்து பார்த்தார்கள். நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

4. ஒரு நிரை

எல்லாம் முடிந்தது, இனி நாளை முதல் கொழுந்தாகக் கொட்டும் என்று நான் நினைத்திருந்தால் அது என் முட்டாள்தனம். நினைக்கவும்தான் செய்தேன். புறப்படும்போது செல்லாயி என் முன்னால் வந்து நின்றாள்.

"குடிக்க நல்லாத்தான் இருக்கு. நான் இல்லைங்கல. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே. செடி செத்துப்போனா?"

"சாகாதும்மா. டிம்புளவில வருசக் கணக்கா கிள்ளுறோம்" என்றார் அந்தோனிமுத்து.

"நீங்க சொல்றீக. என் கண்ணு பாக்கலியே."

கங்காணிக்கு எரிச்சல். "இவ ஒருத்தியால எல்லாருக்கும் துண்டு வரப்போகுது" என்று கத்தினார். நான் அவரைத் தடுத்தேன். அவள் பிடிவாதத்துக்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தப்பாகிப் போனால் கை நீட்டப்படுவது தன்னை நோக்கித்தான் என்ற பயம். இரண்டு பிள்ளையும் நோயாளிப் புருஷனும் உள்ளவள் அப்படித்தான் பயப்படுவாள்.

"ஒனக்கு என்ன வேணும் சொல்லு" என்றேன்.

"எனக்குன்னு ஒரு நெர குடுங்க. அதுல ஒண்ணு விட்டு ஒண்ணா செடிய நீங்க சொல்றாப்புல கிள்ளுறேன். மத்தச் செடியக் கிள்ளாம என் போக்குல பறிக்கிறேன். எது செத்தாலும் அரைப்பேர் போடப்படாது."

ஓடைப் பக்கத்தில், குதிரைப் பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு நிரையை அவளுக்குக் கொடுத்தேன். நிரை என்பது தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை. "அங்க என்ன ஆனாலும் தொரைகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன்.

மற்ற மலைகளில் வேலை நடந்தது. ஸ்டோரில் குடித்துப் பார்த்த பிறகு பாதிப் பேர் கொழுந்துக்கு மாறினார்கள், பாதிப் பேர் செல்லாயி என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தார்கள். அவளைப் பார்த்துத்தான் கோப்பிக் காலத்திலும் மற்றவர்கள் கை போட்டார்கள். அவள் மாறினால் எல்லாரும் மாறுவார்கள். அவள் ஒருநாள் கொழுந்தெடுப்பாள், மறுநாள் பயந்து பழையபடி முற்றலுக்குப் போவாள். அவளுடைய நிரைக்கு வெளியே அப்படிப் பறித்ததற்கு அவளுக்கு இரண்டு முறை அரைப்பேர் விழுந்தது. துரை சம்பள நாள் நெருங்க நெருங்க என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தார். அது எனக்குக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஊவாவில் அந்தச் சமயம் மழை பெய்து வெயிலும் அடித்தது. தேயிலை துளிர்க்க நல்ல காலம். ஒருநாள் காலை, பெரட்டு கலைந்து ஆட்கள் மலை ஏறும்போது, செல்லாயி என்னைக் கூப்பிட்டாள். குரல் ஒருமாதிரியாக இருந்தது. ஓடைப் பக்கம் கூட்டிப் போனாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள்.

கிள்ளிய செடிகளில், கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு இலை மடியிலிருந்தும் புதுத் துளிர் வெடித்து நின்றது. ஒன்றைக் கிள்ளிய இடத்தில் இரண்டு, மூன்று. செடியே பந்தல் போட்டதுபோலப் பரந்திருந்தது. அடுத்த செடிகளில் அவள் காப்பாற்றி வைத்த உச்சிக் குருத்து நெட்டுக்கு வளர்ந்து, முற்றி நின்றுவிட்டது. கீழ் இலைகளை உருவியதால் உடம்பு வெறும் குச்சியாகத் தெரிந்தது. எது நோயாளி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

செல்லாயி அந்தக் குச்சிச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவினாள்.

"காப்பாத்துறேன்னு நெனச்சு உருவிக் கொன்னுப்புட்டேனேய்யா" என்றாள்.

"சாகலம்மா. விட்டா தழைஞ்சுக்கும்" என்றேன். அந்தோனிமுத்து எனக்குச் சொல்லியிருந்ததைத்தான் சொன்னேன்.

அவள் எழுந்து சேலைக் கொசுவத்தை இறுக்கிச் செருகினாள். பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீக? கூடைய மாட்டுங்க." அவ்வளவுதான். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அதற்குப் பிறகு அந்தக் கையைப் பார்க்க வேண்டுமே! கோப்பியில் சிவப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, வெளிர்பச்சையைத் தேடச் சொல்லிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. இரண்டு கையாலும் கிள்ளி, கைக்குள் சேர்த்து, பார்க்காமலே தோளுக்கு மேல் எறிந்தாள். கூடைக்குள் எப்படி விழுகிறது என்று கேட்டேன். "சத்தத்த வச்சுத் தெரிஞ்சுக்குவேங்க" என்றாள். மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். எங்களைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்தாள், திட்டுச் சொற்களும் சேர்த்து.

5. கொட்டிப் பார்த்த நாள்

சம்பளத்துக்கு முந்தைய நாள் மாலை துரை கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்தார். கங்காணி ராமசாமி கூடைகளை வரிசையாக நிறுத்தி வைத்தார். டிம்புள ஆட்கள் பதுளை வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று லயத்தில் ஒரு பேச்சு. உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். வீரன் பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான்.

துரை நேராகச் செல்லாயியிடம் வந்தார். "கொட்டு" என்றார். அவள் கூடையைப் படங்கில் கவிழ்த்தாள். வெளிர்பச்சைக் குவியல். துரை குனிந்து பிரம்பால் கிளறினார். பிறகு பிரம்பை வைத்துவிட்டுக் கையாலேயே கிளறினார். அடியில் இருந்து எடுத்துப் பார்த்தார். ஒரு முற்றலும் இல்லை. அடுத்த கூடை, அதற்கடுத்த கூடை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். முடித்ததும் கங்காணியைப் பார்த்து, "டிம்புள ஆளு வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையை நோக்கி நடந்தார்.

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கங்காணி கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தொரை!"

செல்லாயி. ஒரு கூலிப் பெண் துரையைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டதை அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கங்காணி அவள் வாயைப் பொத்தப் போனார். துரை திரும்பினார்.

"அன்னைக்கு மாட்டுத் தீனின்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னீக. அது சரிதான், நான் பறிச்சது மாட்டுத் தீனிதான். இன்னைக்கு இது என்னன்னு சொல்லாமப் போறீகளே?"

முதல் துண்டு திரும்பவும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். துரையின் முகம் சிவந்தது. என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கோப்பி போய்த் தோட்டம் முழுகும் நிலையில், அவரும் தேயிலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த ஆள்தான். அவருக்கும் யாரும் நல்லது சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடந்து திரும்பி வந்தார். குவியலிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துப் பார்த்தார்.

"நல்ல கொழுந்து" என்றார். பிறகு, போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், எல்லாருக்கும் கேட்கும்படி, "ரொம்ப நல்ல கொழுந்து, செல்லாயி" என்றார்.

அவளுக்கு அதுவரை அழுகை வரவில்லை. துண்டு என்றபோதும் வரவில்லை, அரைப்பேர் விழுந்தபோதும் வரவில்லை. அப்போது முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் தராசைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் பல தோட்டங்களில் வேலை பார்த்தேன். மாற்றங்களுக்குக் குறைவில்லை. கவாத்து வெட்டும் முறை மாறியது, உருட்டு மெஷின் பெரிதானது, பதுளைக்கு ரயில் வருகிறது என்று வண்டிக்காரர்கள் பயந்த காலமும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்களைக் கூட்டிப்போய் வேலையின் முடிவைக் காட்டச் சொல்வேன். சந்தேகப்படுகிறவனுக்குத் தப்புச் செய்து பார்க்க ஒரு ஓரத்தைக் கொடுக்கச் சொல்வேன். இதையெல்லாம் நம் கணக்கப்பிள்ளைகள் எப்படியோ கற்றுக்கொள்கிறார்கள். மற்றதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பழைய வேலையில் கெட்டிக்காரியாக இருந்தவள் புது வேலையில் மறுபடி முதல் நாள் ஆளாக நிற்கும்போது, அவளுக்குத் தன் கை சரியாகிவிட்டதா என்று தனக்கே தெரியாது. தப்பைச் சொல்ல எல்லாரும் இருக்கிறோம். சரியானதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

செல்லாயி அழுத அந்த நாளுக்கு மறுநாள் மாலையும் துரை நிறுக்கும் இடத்துக்கு வந்தார். வர வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. செல்லாயியின் கூடையருகில் நின்று, "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க தொரை" என்றாள் அவள், கூடையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து.